ஊசியோடு நிறுத்தியது பிழையா? சாம்பல்தீவு மகளுக்கு ஒரு பதில்

கேள்வி: "என் அப்பாவுக்கு 67 வயது. கரைவலைத் தொழில் செய்து ஓய்ந்தவர். பிரஷருக்குக் குளிசை எடுப்பார். சில நாட்களில் மறந்தும் விடுவார். சென்ற மாதம் ஒரு நாள் காலை 5 மணியளவில், திண்ணையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து வலையூசி நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது; பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டார் சொன்னபடி படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, சீனித் தண்ணீர் பருக்கிப் பார்த்தோம். சரிவராததால் 6.30க்கு ஓட்டோவில் திருகோணமலை அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். ஸ்கான் எடுத்து, மூளையின் இடப்பக்கத்துப் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்றார்கள். 8.10க்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். கொழும்புக்கு அனுப்பிக் கட்டியை எடுக்க முடியுமா என்று தொலைபேசியிலும் பேசினார்கள். போய்ச் சேரப் பிற்பகல் ஆகும், வழியில் ஆபத்து உண்டு, போன பிறகும் செய்ய முடியாமல் போகலாம் என்று விளக்கி எங்கள் விருப்பத்தைக் கேட்டார்கள். அப்பா அரை மயக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா பயந்து வேண்டாம் என்றார். நான்தான் கையொப்பம் வைத்தேன். மறுநாள் ஸ்கானில் மூளையின் பெரிய பகுதி பழுதாகிவிட்டதாகத் தெரிந்தது. இப்போது வலது கை அசைவதில்லை. இரண்டு மூன்று சொற்கள்தான் வருகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, 'இங்கே 24 மணித்தியாலம் வரைக்கும் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள், ஊசியோடு நிறுத்தியது பிழை' என்கிறார். நான் அப்பாவைக் கெடுத்துவிட்டேனா? அம்மாவுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு இப்படி வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அப்பாவுக்கு வந்தது பாரிசவாதம், அதாவது பக்கவாதம். மருத்துவ விளக்கத்துக்குப் போகுமுன் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்பாவைக் கெடுக்கவில்லை. அன்று உங்கள் முன் வைக்கப்பட்ட இரண்டு வழிகளிலும் நியாயம் இருந்தது, இரண்டிலும் ஆபத்தும் இருந்தது. அந்த நிலையில், விவரம் கேட்டு, தாயோடு பேசி, ஒரு முடிவுக்கு வந்து கையொப்பம் வைத்த மகளை எந்த வைத்தியரும் குறைசொல்ல மாட்டார்.

உங்கள் அண்ணா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்ட பாரிசவாதத்தில், ஊசி மருந்தை மட்டும் கொடுப்பதைவிட, தகுந்த நோயாளருக்குக் கட்டியை வெளியே எடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட விடயம். ஆனால் "தகுந்த நோயாளர்" என்ற அந்த இரண்டு சொற்களுக்குள்தான் உங்கள் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. எந்தக் குழாய் அடைபட்டது, மூளையில் எவ்வளவு பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது, அந்த உயிர் தீருமுன் கட்டியை எடுக்கும் மேசைக்குப் போய்ச் சேர முடியுமா என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கந்தளாய்க் குளத்திலிருந்து பாயும் வாய்க்கால் ஒன்று இடையில் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து விவசாயி எவரும் சொல்வார். அடைப்புக்கு நேர் கீழே இருக்கும் வயல் முதலில் காயும். சற்றுத் தள்ளியுள்ள வயல்களுக்குப் பக்கத்து வாய்க்கால்களிலிருந்து கொஞ்சம் கசிவு வரும். பயிர் வாடி நிற்கும், ஆனால் சாகாது. அடைப்பைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் அது நிமிர்ந்துவிடும். மூளையிலும் அப்படித்தான். அடைபட்ட குழாய் ஊட்டும் பரப்பின் நடுவே இருக்கும் பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றி, வேலை செய்யாமல் ஆனால் சாகாமல், அயல் குழாய்களின் கசிவில் பிழைத்துக் கிடக்கும் ஒரு பகுதி இருக்கிறது. எல்லாச் சிகிச்சையும் இந்தப் பகுதியைக் காப்பதற்காகவே. பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாகச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறப்பதாக 2006 இல் கணக்கிட்டார்கள். இது சராசரிதான். பக்கத்துக் கசிவு நன்றாக உள்ள ஒருவருக்கு வாடிய பகுதி பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்கும். கசிவு குறைந்த இன்னொருவருக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா சொன்ன அந்த 24 மணித்தியாலக் கணக்குக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஊசியைப் பற்றி. அப்பாவுக்குப் போட்டது பெரும்பாலும் அல்டிப்ளேஸ் என்ற மருந்தாக இருக்கும். 1995 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பாரிசவாதம் தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள் இதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர் மூன்று மாதத்தின் முடிவில் குறைபாடு இல்லாமலோ மிகச் சிறிய குறைபாட்டோடோ இருந்தார்கள். மருந்து பெறாதவர்களில் அது 26 பேர். 2008 இல் வந்த ஐரோப்பிய ஆய்வு இந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது. அப்பாவுக்கு 5 மணிக்குத் தொடங்கி 8.10க்கு ஊசி ஏறியிருக்கிறது. ஆகவே அவர் எல்லைக்குள் இருந்தார், ஊசி போட்டது சரியான சிகிச்சை. இந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. அதே 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மேல் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டு நிலை மோசமானது. பெறாதவர்களில் அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இதனால்தான் ஸ்கான் எடுத்து, இது இரத்தக்கசிவால் வந்த பாரிசவாதம் அல்ல என்று உறுதிப்படுத்தாமல் எவரும் இந்த ஊசியைத் தொடுவதில்லை. பிரஷர் 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே வரும்வரை காத்திருப்பதும், நோயாளரை நிறுத்துப் பார்த்து ஒரு கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்ற கணக்கில், எவ்வளவு நிறையானாலும் 90 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஸ்கானுக்கும் ஊசிக்கும் இடையில் "ஏன் இவ்வளவு மினக்கெடுகிறார்கள்" என்று வாசலில் நின்ற உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே நடந்தது இதுதான்.

ஊசியின் பலவீனம் பெரிய கட்டிகளில்தான். சின்னக் குழாயில் நின்ற சின்னக் கட்டியை அது நன்றாகக் கரைக்கும். கழுத்திலிருந்து மூளைக்குள் ஏறும் பெரிய குழாயிலோ அதன் முதல் கிளையிலோ நீளமாக அடைத்துக்கொண்ட கட்டியை அது பல வேளைகளில் அசைப்பதே இல்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு அல்டிப்ளேஸ் கொடுத்து, பிறகு கட்டியை எடுக்கப் போய்ப் பார்த்தபோது, நூற்றுக்கு 10 பேருக்கு மட்டுமே அதற்குள் இரத்த ஓட்டம் போதுமான அளவு திரும்பியிருந்தது. டெனெக்டிப்ளேஸ் என்ற புதிய மருந்தோடு அது 22 ஆனது. இந்தப் புதிய மருந்தை ஒரு மணித்தியாலம் துளித்துளியாக ஏற்ற வேண்டியதில்லை, ஒரே ஊசியாகச் செலுத்திவிடலாம். நோயாளரை உடனே வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய நம்மைப் போன்ற இடங்களுக்கு அது பெரிய வசதி. ஆனாலும் அதிலும் 78 பேருக்குக் கட்டி அடைத்தபடிதான் இருந்தது.

கட்டியை எடுக்கும் சிகிச்சை இந்த இடத்தில்தான் வருகிறது. தொடைமடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள இரத்தக்குழாயில் சிறு துளையிட்டு, கதீற்றர் என்ற நீண்ட மெல்லிய குழலை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இதயத்தின் பக்கமாகக் கழுத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் கொண்டுசெல்வார்கள். கட்டி நிற்கும் இடம் வந்ததும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குழலின் வாயைக் கட்டியில் பொருத்தி உறிஞ்சி எடுப்பது. மற்றது உங்கள் அப்பாவுக்குச் சொன்னால் உடனே விளங்கும்: சுருட்டி மடித்த சின்ன உலோக வலை ஒன்றைக் கட்டிக்குள் செருகி விரியவிடுவார்கள், சில நிமிடம் பொறுத்தால் கட்டி வலைக்கண்ணுக்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு வலையோடு சேர்த்து மெல்ல இழுப்பார்கள். வெளியே எடுத்துத் துணியில் வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பாக ஒரு சோற்றுப் பருக்கை அளவில் கிடக்கும். ஒரு மனிதனின் பேச்சையும் கையையும் பறித்தது இவ்வளவுதானா என்று, எத்தனை முறை பார்த்தாலும், எனக்கு ஒரு கணம் மனம் நின்றுவிடும்.

இந்தச் சிகிச்சை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டதல்ல என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லுங்கள். 2013 இல் மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்து, கட்டியை எடுப்பதால் ஊசியைவிட மேலதிக நன்மை இல்லை என்றே சொல்லின. அப்போது பயன்பட்ட கருவிகள் பழையவை, பெரிய குழாய் உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று எல்லோருக்கும் முன்கூட்டிப் பார்க்கவில்லை, நேரமும் வீணானது. இந்தக் குறைகளைத் திருத்திக்கொண்டு நெதர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, ஸ்பெயின் முதலிய இடங்களில் நடந்த ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் 2015 இல் வந்தன. ஐந்தும் ஒரே பக்கம் நின்றன. அவற்றிலுள்ள 1287 நோயாளரின் விவரங்களையும் ஒன்றாக்கிப் பார்த்தபோது, ஊசி முதலிய மருந்துச் சிகிச்சையோடு மட்டும் இருந்தவர்களில் நூற்றுக்கு 26 பேர் அளவில் மூன்று மாதத்தின் பின் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். கட்டியும் எடுக்கப்பட்டவர்களில் அது 46 பேர். மூளைக்குள் பாரதூரமான இரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக, நூற்றுக்கு 4 பேர் அளவில் இருந்தது. பாரிசவாத மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் சிகிச்சைகள் மிகச் சிலவே.

இந்த எண்களை மறுபக்கமிருந்தும் பாருங்கள். மிகச் சிறந்த மையங்களில், உரிய நேரத்தில் கட்டியை எடுத்தும், பாதிக்கு மேற்பட்டோர் பிறர் உதவியோடுதான் வாழ்ந்தார்கள். இறந்தவர்களின் தொகையிலும் இரு பிரிவுகளுக்கிடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு பிரிவிலும் பெரும்பாலானோர் ஊசியையும் பெற்றவர்கள். ஊசியைத் தவிர்த்துவிட்டு நேரே கட்டியை எடுக்கலாமா என்று பின்னர் பல ஆய்வுகள் கேட்டுப் பார்த்தன. ஊசிக்குத் தகுதியானவருக்கு ஊசியை விட்டுவிடலாம் என்று அவை உறுதியாகக் காட்டவில்லை. ஆகவே "ஊசியா, கட்டியை எடுப்பதா" என்று கேட்பதே சற்றுப் பிசகான கேள்வி. ஊசி முதலில், அங்கேயே, தாமதமில்லாமல். பெரிய குழாய் அடைபட்டிருந்து வசதியும் எட்டக்கூடியதாக இருந்தால், ஊசியின் பலனுக்குக் காத்திராமல் கட்டியை எடுப்பதற்கான ஓட்டமும் கூடவே தொடங்க வேண்டும்.

இனி அந்த 24 மணித்தியாலம். 2018 இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று நோய் தொடங்கி 6 மணித்தியாலத்திலிருந்து 24 மணித்தியாலம் வரையும், மற்றது 16 மணித்தியாலம் வரையும் கட்டியை எடுத்துப் பார்த்தன. முதலாவதில், எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் சுயமாக இயங்கினார்கள். எடுக்கப்படாதவர்களில் 13 பேர் மட்டுமே. இந்தச் செய்திதான் உலகம் முழுவதும் பரவியது, அண்ணாவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. பரவாமல் போனது அந்த ஆய்வுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்த விதம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் விசேட ஸ்கானிலோ எம்.ஆர்.ஐ.யிலோ, இறந்த பகுதி சிறிதாகவும் நோயின் கடுமை பெரிதாகவும் இருந்தவர்கள் மட்டுமே, அதாவது பக்கத்துக் கசிவு நன்றாக இருந்து மெதுவாகக் காய்ந்துகொண்டிருந்தவர்கள் மட்டுமே, அதில் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் 24 மணித்தியாலம் கிடைக்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

அப்பாவின் விடயத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த அறிக்கையில், முதல் ஸ்கானில் இடப்பக்கப் பெரிய குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததாகக் குறித்திருக்கிறார்கள். கட்டி உறைந்து நிற்கும் குழாய் அப்படித்தான் தெரியும். மறுநாள் ஸ்கானில் அந்தக் குழாய் ஊட்டும் பரப்பின் பெரும்பகுதி இறந்திருந்தது. ஆகவே ஊசி அந்தக் கட்டியை உரிய நேரத்தில் கரைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர் பாதை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று அம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும், புறப்பட ஆயத்தமாவதையும் சேர்த்தால் கொழும்பில் மேசையில் ஏறப் பிற்பகல் மூன்று மணியைத் தாண்டியிருக்கும். அது நோய் தொடங்கிப் பத்து மணித்தியாலம். அந்நேரம் மீண்டும் ஸ்கான் எடுத்து, காப்பாற்ற மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குவார்கள். முதல் நாளிலேயே மயக்கமும் வாந்தியும், மறுநாளே பெரும் சேதமும் என்றால், அப்பா வேகமாகக் காயும் வகையினராக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். வழியில் வாந்தி சுவாசப்பைக்குள் போகும் ஆபத்தும் சும்மா சொன்னதல்ல.

அப்படியானால் போயிருந்தாலும் பயனே இருந்திருக்காது என்று சொல்கிறேனா? இல்லை, அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2022 தொடக்கம் ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஐரோப்பா என்று வந்த ஆய்வுகள், மூளையின் பெரிய பகுதி ஏற்கெனவே இறந்துவிட்டவர்களுக்கும் கட்டியை எடுப்பது ஓரளவு உதவுகிறது என்று காட்டியுள்ளன. 2023 இல் வந்த ஒன்றில், அத்தகையவர்களில் கட்டி எடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 20 பேர் சுயமாக இயங்கினார்கள். மருந்தோடு மட்டும் இருந்தோரில் 7 பேர். ஒரு வாய்ப்பு இருந்தது. அது சிறிய வாய்ப்பு. அதற்கு விலையாக ஆறு மணித்தியாலப் பயணமும் அதன் ஆபத்தும் இருந்தன. அம்மா அந்த விலையைக் கண்டு பயந்தார். அதே நிலையில் இன்னொரு குடும்பம் சம்மதித்திருந்தால் அவர்களையும் நான் சரியென்றுதான் சொல்லியிருப்பேன்.

திருகோணமலையில் நிற்காமல் நேரே கொழும்புக்கே கொண்டுபோயிருக்கலாமே என்று யாரும் சொன்னால், அதற்கும் பதில் இருக்கிறது. ஸ்பெயினின் கத்தலோனியாவில், கட்டியை எடுக்கும் மையத்துக்குத் தொலைவிலுள்ள ஊர்களில் 1400க்கு மேற்பட்டோரை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்கு முதலில் போனவர்களுக்கும், நேரே பெரிய மையத்துக்குப் போனவர்களுக்கும் மூன்று மாதத்தின் பின் நிலைமையில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2022 இல் எழுதினார்கள். அங்கே தூரங்கள் நம்முடையதைவிடக் குறைவு. இங்கே அருகிலுள்ள ஸ்கானையும் ஊசியையும் தாண்டிப் போவது நாலரை மணித்தியாலத்தை வீதியிலேயே செலவழிப்பதாகும்.

வீட்டில் கழிந்த அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். எனவே நானும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று குறைத்திருக்கக்கூடிய தாமதம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான். ஊசியின் பலன் ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் தேய்கிறது. கட்டியை எடுப்பதற்கும் அப்படியே. எண்ணெய் தேய்ப்பதால் மூளைக்குப் போகும் இரத்தம் கூடாது. சீனித் தண்ணீர் இன்னும் ஆபத்து: விழுங்கும் தசைகள் தளர்ந்த நேரத்தில் அது சுவாசப்பைக்குள் போய்க் காய்ச்சலையும் சளியையும் உண்டாக்கும். பக்கத்து வீட்டார் அன்பினால்தான் சொன்னார்கள். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையதைவிட எங்களைப் போன்றவர்களுடையது. மாரடைப்பு என்றால் நம் ஊரில் எவரும் ஒரு நிமிடம் தாமதிப்பதில்லை. பாரிசவாதத்துக்கு மட்டும் "கொஞ்சம் பார்ப்போம்" என்கிறார்கள், ஏனென்றால் அது நோவதில்லை.

பல வருடங்களுக்கு முன் குச்சவெளிப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டதற்குக் கூட வந்த பெரியவர்கள் நால்வரும் நான்கு நேரம் சொன்னார்கள். பின்னால் நின்ற பள்ளிச் சிறுமி முன்னே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். 7.20 என்று நீலப் பேனாவால் எழுதியிருந்தது. "அம்மம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே போட்ட நேரம்" என்றாள். அந்த எண்ணை நம்பித்தான் அன்று எங்களால் முடிவெடுக்க முடிந்தது.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு இதிலிருந்தே தொடங்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்கினால் தானாகத் தாழ்வது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் போதும். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தை எழுதிக்கொண்டு 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். "பாரிசவாதம் போலத் தெரிகிறது, இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று அழைப்பிலேயே சொல்லுங்கள். தூக்கத்திலிருந்து எழும்பும்போதே அப்படி இருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். வாயால் எதுவும் கொடுக்காதீர்கள்; அஸ்பிரினும் கூடாது, ஏனென்றால் அது அடைப்பா இரத்தக்கசிவா என்று ஸ்கான் எடுக்குமுன் எவராலும் சொல்ல முடியாது. மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள். டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் நேரம் போக்காமல், ஸ்கான் உள்ள வைத்தியசாலைக்கே செல்லுங்கள். அவருடைய கிளினிக் கொப்பியையும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இப்போதே வாசலருகே மாட்டி வையுங்கள். வாரபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவரானால், கடைசியாக எப்போது எடுத்தார் என்பதைப் பொறுத்து ஊசி போடவே முடியாமல் போகலாம். அப்படிப்பட்டவருக்குக் கட்டியை எடுப்பது ஒன்றே மிஞ்சும் வழியாக இருக்கக்கூடும்.

வைத்தியசாலையில் நீங்கள் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்விகளும் சில உண்டு. பெரிய குழாய் அடைபட்டிருக்கிறதா, ஊசிக்கு நேரம் இருக்கிறதா, கட்டியை எடுக்கும் மையத்தோடு பேச முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். எந்த வைத்தியரும் அதைக் குறையாக எடுக்க மாட்டார். பெரிய குழாய் அடைபடவில்லை என்றால் கொழும்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சிறிய, தூரத்துக் கிளைகளில் கட்டியை எடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2025 இல் வந்தன. மருந்துச் சிகிச்சையைவிட அதில் நன்மை இல்லை என்றே இரண்டும் முடித்தன. மூளையின் பின்பக்கத்துப் பெரிய குழாய் அடைபடுவது வேறு கதை. அது மிகக் கொடியது. சீனாவில் நடந்து 2022 இல் வெளியான இரண்டு ஆய்வுகள் அங்கே கட்டியை எடுப்பது ஓரளவு நல்ல நிலைக்கு மீள்வோரின் தொகையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியதாகக் காட்டின. அத்தகைய நோயாளர் என்றால், தூரம் போவதற்கு நானே முன்னின்று வற்புறுத்துவேன்.

அம்மாவுக்கு வராமல் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒழுங்கற்ற துடிப்பால் இதயத்துக்குள் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தத் துண்டு மூளைக்கு ஏறுவதால்தான் இப்படிப்பட்ட பெரிய அடைப்புகள் பல உண்டாகின்றன. ஈ.சீ.ஜீ.யில் அது உறுதியானால், உறைதலைத் தடுக்கும் குளிசை அந்த ஆபத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். வாரபரின் என்றால் இரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்து, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். "சும்மா இருக்கும்போது படபடப்பு இல்லையே" என்று நிறுத்திவிட வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியவை நிறைய உள்ளன. முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும். அதன் பிறகும் அது நின்றுவிடுவதில்லை. பிசியோதெரபிக்கு வாரத்துக்கு ஒருமுறை போய்விட்டு மற்ற நாட்களில் கட்டிலில் விடுவது போதாது. அங்கே காட்டித் தருவதை வீட்டில் தினமும் பல தடவை செய்யுங்கள். அசையாத வலது கையைத் தூக்கும்போது தோளைப் பிடித்து இழுக்காதீர்கள். பேச்சு வராவிட்டாலும் அவருக்கு விளங்குகிறது என்று எண்ணியே பேசுங்கள். ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய சின்னக் கேள்விகளாகக் கேட்டு, பதிலுக்குப் பொறுத்திருங்கள். அவருக்காக நீங்களே சொல்லை முடித்துவிடாதீர்கள். இடது கையில் வலையூசியைக் கொடுத்து, ஒரு பழைய வலைத் துண்டை முன்னால் வைத்துப் பாருங்கள். நாற்பது வருடம் கை பழகிய வேலை அது. எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் திண்ணையில் உட்கார்ந்து செய்ய அவருக்கு ஒன்று இருக்கும். மூளைக்குச் சத்து என்று விற்கப்படும் விலையுயர்ந்த குளிசைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, தினமும் காலையில் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அப்பாவின் இதயத் துடிப்பு ஒழுங்காக இருந்ததா என்பது நீங்கள் அனுப்பிய தாள்களில் எங்கும் இல்லை. ஒரு தடவை எடுத்த ஈ.சீ.ஜீ.யில் தெரியாமல், கருவியை 24 மணித்தியாலம் உடலில் பொருத்திப் பார்க்கும்போது பிடிபடுவதும் உண்டு. அப்படி இருந்தால் அவருக்கு அஸ்பிரின் போதாது, உறைதலைத் தடுக்கும் குளிசையே வேண்டும். சேதம் பெரிதாக இருந்ததால் அதை எப்போது தொடங்குவது என்பதை உங்கள் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த கிளினிக் நாளில் இதைக் கேளுங்கள். அண்ணாவோடு அடுத்த முறை பேசும்போது இந்தக் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்; அப்பா இரண்டு மூன்று சொல் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவற்றை அவர் தொலைபேசியில் கேட்கட்டும்.